பிஎச்.டி. சேருமுன் பணத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

எம்.ஏ. முடிக்கும் பிள்ளைகள் "பிஎச்.டி. சேரலாமா அக்கா?" என்று கேட்டால், "எந்தப் பணத்தில் படிக்கப் போகிறாய்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். தலைப்பு, கைடு (ஆய்வு வழிகாட்டி) எல்லாம் அப்புறம். சிலருக்கு இது முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். பரவாயில்லை, சேர்ந்த பிறகு அடிபடுவதற்கு இது மேல்.

நான் சமூகவியலில் ஆய்வு முடித்தவள். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். வீட்டில் கொஞ்சம் மானாவாரி நிலம், மக்காச்சோளமும் பருத்தியும். வீட்டிலிருந்து பணம் வராது, முடிந்தால் நான்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற நிலையில் முழுநேர ஆய்வில் சேர்ந்தேன். கீழே இருப்பதெல்லாம் அந்த இடத்திலிருந்து பார்த்து எழுதியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இதில் பாதியைத் தாண்டிப் போகலாம்.

நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

உதவித்தொகை என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஒரே நூலகத்தில், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் கைக்கு வருவது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தொகை. இன்றைய படிக்கட்டு ஏறக்குறைய இப்படி இருக்கிறது.

உச்சியில் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை. முதல் இரண்டு வருடம் மாதம் 70,000, மூன்றாம் வருடம் 75,000, அப்புறம் 80,000. இது ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் அறிவியல், தொழில்நுட்பம் செய்பவர்களுக்கு. என் போன்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம்.

அடுத்த படி ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியே கிடைப்பது. 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000. இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆக உயர்ந்தால் 42,000. எல்லாம் சேர்த்து ஐந்து வருடம், அல்லது ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள், எது முந்தியோ அதுவரை. பட்டியல் சாதியினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் உள்ள தேசிய உதவித்தொகைகளும் இதே அளவில்தான். அவற்றுக்கான தேர்வும் நெட் மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. நெட் விண்ணப்பத்தில் இதைப் பற்றிக் கேள்வி இருந்தால் அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23இலிருந்து புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் சிலர் அதை நம்பிக் காத்திருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அதற்குக் கீழே தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகை, மாதம் 25,000. இதற்குத் தேர்வு எழுத வேண்டும், இடங்கள் மிகக் குறைவு. சமூக அறிவியலில் இருப்பவர்களுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) தரும் முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 20,000, அதிகபட்சம் இரண்டு வருடம். அப்புறம் ஒரே தாவலாகக் கீழே இறங்கி, ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு தரும் ஆண்டுக்கு ஒரு லட்சம். மாதத்துக்குப் பிரித்தால் 8,333. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000. 2015இல் இதை நிறுத்தப் போகிறோம் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னபோது டெல்லியில் யுஜிசி அலுவலக வாசலிலேயே மாணவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். அன்றைக்கும் 8,000. அதற்குப் பிறகு ஜேஆர்எஃப் இரண்டு முறை உயர்ந்தது, இது அங்கேயே நிற்கிறது.

கடைசிப் படியில் ஒன்றுமில்லை. மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும் முழுநேரமாகப் பதிவு செய்தவர்களில் ஏராளமானோர் இந்தப் படியில்தான் நிற்கிறார்கள். பணம் வராததோடு, ஆண்டுக் கட்டணத்தையும் கைக்காசிலிருந்து கட்டுகிறார்கள்.

மேல் படிக்கும் கீழ்ப் படிக்கும் வேலையில் வித்தியாசம் உண்டா? கிடையாது. அதே ஆறு மாத அறிக்கை, அதே டிசி (ஆய்வை மேற்பார்க்கும் குழு) மீட்டிங், அதே வருகைப் பதிவு. நெட் தேர்வில் அந்த ஒரு நாள் எடுத்த மதிப்பெண் ஐந்து வருடச் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது. எனக்கு ஜேஆர்எஃப் கிடைத்தது. என் அறையில் இருந்த தோழிக்கு, அதே தேர்வில், உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைத்தது. அவள் ஆய்வு என் ஆய்வைவிட நல்ல ஆய்வு என்பது என் கைடுக்கும் தெரியும்.

37,000 என்றால் கைக்கு எவ்வளவு?

ஜேஆர்எஃப் வாங்கியவர்கள் மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அப்படிப் போடக் கூடாது.

வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்தது. 2023 உயர்வின்போது நடப்பில் இருந்த மத்திய அரசு விகிதம் 27, 18, 9 சதவீதம். சென்னை என்றால் 37,000க்கு 9,990. திருச்சி, மதுரை, கோவை என்றால் 6,660. சின்ன ஊர் என்றால் 3,330. விகிதம் மாறக்கூடியது, சேரும்போது நடப்பு விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக விடுதியில் தங்கினால் இது கிடையாது. வளாகம் ஊருக்கு வெளியே இருந்தால் எந்தப் பிரிவில் வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள், பஸ் பலகையில் மாநகரப் பெயர் இருப்பதை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கன்டின்ஜென்சி என்கிற சில்லறைச் செலவுத் தொகை கலை, சமூக அறிவியலுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. உதவித்தொகை 2014, 2019, 2023 என மூன்று முறை உயர்ந்தது, இந்தத் தொகை ஒரு முறைகூட நகரவில்லை. என் களப்பணி பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தி எடுக்கும் பெண்களிடம். பஸ், ஷேர் ஆட்டோ, ஒலிப்பதிவுக் கருவி, நேர்காணலைத் தட்டச்சு செய்யும் கூலி என்று போட்டால் அந்த 10,000 ஒரு பருவத்துக்குக்கூடக் காணாது. ஆய்வகத்தில் ரசாயனம் வாங்குபவர்கள் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

பஞ்சப்படி கிடையாது என்பது இன்னொன்று. அரசு ஊழியருக்கு விலைவாசியைப் பார்த்து வருடத்துக்கு இரண்டு முறை பஞ்சப்படி திருத்தப்படுகிறது. ஆய்வாளருக்கு யாராவது தெருவில் இறங்கினால்தான் தொகை நகரும். 2014இல் 25,000. அதை உயர்த்தச் சொல்லி 2018 கடைசியில் நாடு முழுக்கப் போராடினார்கள், கேட்டது 80 சதவீதம், 2019இல் கிடைத்தது 31,000, அதாவது 24 சதவீதம். அடுத்த உயர்வு 2023இல், 20 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே நீங்கள் சேரும் நாளில் என்ன தொகையோ அதுவே உங்கள் ஐந்து வருடத்துக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நடுவில் உயர்ந்தால் லாபம்.

உயர்வு அறிவித்தாலும் உடனே வராது. 2023 உயர்வு ஜனவரி முதல் நடைமுறை என்றார்கள், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் உத்தரவு வந்தது ஜூனில், யுஜிசி ஏற்றுக்கொண்டது செப்டம்பரில். நிலுவை அதற்கும் பிறகு.

ஆறு மாதத்துக்குக் கையிருப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். சேர்ந்த நாளுக்கும் முதல் தொகை வரும் நாளுக்கும் இடையில் மாதங்கள் ஓடும். பதிவு எண் வர வேண்டும், சேர்க்கை அறிக்கையில் கைடு, துறைத் தலைவர், பதிவாளர் என்று கையெழுத்துகள் வேண்டும், இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பணம் கடைசியில் மொத்தமாக வரும். ஆனால் மெஸ்காரர் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டார்.

திருச்சியில் என் மாதக் கணக்கு: பகிர்வு அறைக்கு 4,000, சாப்பாடு 5,000, பஸ், போன் இரண்டுக்கும் 1,500, நகல், அச்சு 800, ஊருக்குப் போய்வர 600, மருந்து, துணி, சோப்பு என்று 1,500. வீட்டுக்கு அனுப்பியது தனி. மிகச் சிக்கனமாகவே 13,400 ஆகிறது. ஆறு மாதத்துக்கு 80,000 சொச்சம். இதோடு சேர்க்கைக் கட்டணம். இந்தப் பணம் கையில் இல்லாமல் சேருபவர்கள் நகையை அடகு வைக்கிறார்கள். அடகு வைத்தாலும் வங்கியில் வையுங்கள். ஊர்க் கந்துவட்டிக்குப் போய்விட்டால் நிலுவை வரும்போது அது வட்டிக்கே சரியாகப் போகும்.

எம்.ஏ. முடித்ததும் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு வருடம் தனியார் பள்ளியிலோ கல்லூரியிலோ வேலை பார்த்து இந்தத் தொகையைச் சேர்த்துக்கொண்டு, கூடவே நெட்டுக்குப் படிப்பது என் கண்ணுக்கு நல்ல வழி. ஜேஆர்எஃப் கடிதம் மூன்று வருடம் செல்லும், அவசரம் வேண்டாம். வயதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜேஆர்எஃப்புக்கு உச்ச வயது 30, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து வருடம் தளர்வு. 2024 ஜூனிலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப்போடு, உதவிப் பேராசிரியர் தகுதியோடு, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். மூன்றாவதில் பாஸ் என்றால் இடம் கிடைக்கலாம், பணம் கிடையாது. வாட்ஸ்அப்பில் "நெட் பாஸ்" என்று வாழ்த்து வருவதற்குள் எந்த வகை என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஆய்வில் சேர்ந்துவிட்டு நடுவில் ஜேஆர்எஃப் வாங்கினால், போன மாதங்களுக்குப் பணம் வராது.

காகிதம், கையெழுத்து, மேக்கர், செக்கர்

யுஜிசி பணம் கனரா வங்கி நிர்வகிக்கும் இணையதளம் வழியே, ஆதார் இணைத்த உங்கள் கணக்குக்கு நேராக வருகிறது. ஆனால் நீங்கள் அந்த மாதம் ஆய்வில் இருந்தீர்கள் என்று பல்கலைக்கழகம் ஒவ்வொரு மாதமும் உறுதி செய்தால்தான் வரும். அதற்கு அலுவலகத்தில் இரண்டு பேர்: விவரத்தை ஏற்றுபவர் மேக்கர், சரிபார்த்து அனுப்புபவர் செக்கர். இந்த இருவரும் யார், எந்த செக்ஷன், எந்த மேசை என்று சேர்ந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் மாற்றலில் போனாலோ நீண்ட விடுப்பில் போனாலோ மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் பணம் நிற்கும். டெல்லியில் நிதி இல்லை என்று ஸ்காலர்கள் பேசிக்கொண்டிருப்போம், உண்மையில் கடவுச்சொல் புதியவர் கைக்கு வந்திருக்காது.

மாத வருகைச் சான்றிதழில் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை. கைடு வெளியூர் போகும் தேதியை முன்கூட்டியே கேளுங்கள். மாதத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், தள்ளிப்போனால் அடுத்த மாதக் கட்டோடு சேர்ந்துவிடும். விடுதியில் இல்லை என்ற வாடகைப்படிச் சான்றிதழைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கொடுக்குமுன் போனில் படம் எடுத்து மாதவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். தபால் பிரிவில் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். "மேசையில் வச்சிட்டுப் போம்மா" என்பார்கள். பணிவாகச் சிரித்துவிட்டுத் தபால் பிரிவுக்கே போங்கள்.

எஸ்ஆர்எஃப் உயர்வு தானாக நடக்காது. இரண்டு வருடம் முடியும்போது வெளியிலிருந்து ஒரு நிபுணரும் உள்ள மூவர் குழு உங்கள் வேலையை மதிப்பிட வேண்டும். அந்த வெளி நிபுணரின் தேதியைப் பிடிப்பதே பெரும்பாடு. நான் இருபதாவது மாதத்திலேயே கைடிடம் கேட்டு வைத்தேன், என்னோடு சேர்ந்த ஒருவர் இரண்டு வருடம் முடிந்த பிறகு கேட்டு அரை வருடம் பழைய தொகையிலேயே ஓட்டினார்.

விடுப்பு வருடத்துக்கு 30 நாள். மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு, உதவித்தொகையோடு. இது உரிமை. "பிரேக் எடுத்துக்கோ, அப்புறம் வந்து தொடரலாம்" என்று யாராவது அக்கறையாகச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

பணம் நின்றால்

முதலில் யார் கையில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். மேக்கர் ஏற்றியிருக்கிறாரா, செக்கர் அனுப்பியிருக்கிறாரா, அனுப்பியும் வங்கியில் திரும்பியதா. ஆதார் இணைப்பு அறுந்து திரும்புவது சாதாரணம், அதை நீங்களே வங்கியில் சரி செய்யலாம்.

அலுவலகத்தில் நின்றால் தனியாகப் போய் முறையிடாதீர்கள். பணம் வராத எல்லாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, எந்த மாதம் முதல், எவ்வளவு என்று எழுதிப் பதிவாளருக்குக் கொடுங்கள். 2023 யுஜிசி விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும், அது 15 வேலை நாளில் பதில் தர வேண்டும், அதற்கு மேல் குறைதீர்ப்பாளர் ஒருவர். பலகையில் பெயர் மட்டும் இருந்தாலும் கடிதம் கொடுங்கள், அடுத்த படிக்கு அது சான்று. அடுத்தது யுஜிசியின் இ-சமாதான் தளம், மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம்.

எல்லாவற்றிலும் எனக்கு நம்பிக்கை தந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாகப் பதில் வரும். "இந்த மாதங்களுக்கான உறுதிப்படுத்தல் எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, கோப்பு நகலைத் தரவும்" என்று கேளுங்கள். எங்கள் விஷயத்தில் பதில் வருவதற்கு முன்பே பணம் வந்துவிட்டது. கைடுக்குச் சங்கடம் வரும் என்று பயந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், பெரும்பாலான கைடுகள் உள்ளூர சந்தோஷப்படுவார்கள்.

உதவித்தொகையே இல்லாதவர்களுக்கு

சேருவதற்கு முன் கைடிடம் மூன்று விஷயம் நேராகக் கேளுங்கள். அவரிடம் திட்ட நிதி இருக்கிறதா, அதில் உங்களை எடுக்க முடியுமா? அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2023 விகிதப்படி ப்ராஜெக்ட் அசோசியேட்-1 என்ற திட்டப் பணிக்கு நெட் இல்லாவிட்டாலும் மாதம் 30,000மும் வாடகைப்படியும் உண்டு. இரண்டாவது, பல்கலைக்கழகமே தரும் உதவித்தொகை எத்தனை பேருக்கு, எந்த அடிப்படையில். மூன்றாவது, வகுப்பு எடுப்பது, தேர்வுக் கண்காணிப்பு, கருத்தரங்க வேலை இதற்கெல்லாம் பணம் உண்டா. ஜேஆர்எஃப் வாங்குபவரிடம் துறை வேலை வாங்குவதையாவது ஒரு வழியில் நியாயப்படுத்தலாம். பைசா வாங்காதவரைக் கருத்தரங்கில் நாற்காலி தூக்க வைப்பதை நியாயப்படுத்தவே முடியாது. முதல் முறையே தன்மையாக மறுத்துவிட வேண்டும். இரண்டு முறை செய்துவிட்டால் மூன்றாவது முறை அது கடமையாகிவிடும்.

முழுநேரம் என்று பதிந்துவிட்டு மறைவாகத் தனியார் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வயிறு இருக்கிறதே. ஆனால் ஒரு புகார் போதும், பதிவே ஆட்டம் காணும். 2022 யுஜிசி விதிகளில் பகுதிநேர ஆய்வுக்கு இடம் உண்டு. வேலை பார்க்கும் நிறுவனத்தில் தடையின்மைச் சான்றிதழ் வாங்கிப் பகுதிநேரமாகவே பதியுங்கள். சில கல்லூரி நிர்வாகங்கள் அதைத் தர இழுத்தடிக்கும். வேலைக்குச் சேரும்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள், சேர்ந்த பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஜேஆர்எஃப் உள்ளவர்களுக்கும் ஒன்று. உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேறு இடத்தில் சம்பளம் வாங்கக் கூடாது. பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

கடைசி வருடம்

விதிப்படி பிஎச்.டி. ஆறு வருடம் வரை போகலாம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடத் தளர்வு உண்டு. பணம் ஐந்து வருடத்தோடு நின்றுவிடும். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கட்டணம், சமர்ப்பிப்புக் கட்டணம், அச்சு, பைண்டிங், கருத்துத்திருட்டுச் சோதனை எல்லாம் பணம் நிற்கும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். நான்காம் வருடத் தொடக்கத்திலிருந்து மாதம் 2,000 தனியே ஒதுக்குங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பட்டியலை இப்போதே வாங்கி, கடைசியில் வரும் வரிகளைக் கூட்டிப் பாருங்கள்.

ஐந்து வருடம் முடியும் முன்பே சமர்ப்பித்தாலும் அந்தத் தேதியோடு உதவித்தொகை நிற்கும். அதன் பிறகு ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போய், அறிக்கைகள் வந்து, வைவா (வாய்மொழித் தேர்வு) நடக்கப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நீங்கள் ஸ்காலரும் இல்லை, டாக்டரும் இல்லை, விடுதியையும் காலி செய்யச் சொல்வார்கள். கல்லூரிகளில் ஆள் எடுப்பது பெரும்பாலும் மே, ஜூனில். அதனால் நான் மார்ச்சில் சமர்ப்பிக்கிற மாதிரித் தேதியை வைத்துக்கொண்டேன், தற்காலிகச் சான்றிதழ் இல்லாமலே சேர்த்துக்கொள்ளும் கல்லூரி ஒன்றையும் முன்பே பேசி வைத்திருந்தேன்.